பேராதனை நூலகத்தில் ஒரு முதலாம் வருட மாணவி என்னவெல்லாம் செய்யலாம்?

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து பேராதனைக் கலைப்பீடத்துக்குத் தெரிவான தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குப்பியும் டியூட்டும் போதும், லைப்ரரி என்பது எக்ஸாம் நேரம் உட்கார்ந்து படிக்கிற இடம்தான் என்று சீனியர்மார் சொல்கிறார்கள். போனிலேயே எல்லாம் கிடைக்கிறது. அப்படியிருக்க நூலகத்துக்குப் போய் நான் என்ன செய்வது? ஆங்கிலப் புத்தகங்களை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது."

குப்பி நல்ல விஷயம், தங்கச்சி. அதை விட வேண்டாம். முந்தின பெட்ச் உட்கார்ந்து அடுத்த பெட்சுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது நம் பல்கலைக்கழகங்களின் மிக நல்ல பழக்கங்களில் ஒன்று. ஆனால் நானும் அதே கலைப்பீடத்தில் படித்தவள். இப்போது விடைத்தாள் திருத்துகிறேன். டியூட் என்று கைமாறும் பாடக்குறிப்பை மட்டும் நம்பி எழுதிய தாள்களில் அதே உதாரணம், அதே வரிசை, சில வேளை அதே எழுத்துப்பிழைகூட அடுத்தடுத்து வரும். அவை பாஸாகும், அதற்கு மேலே போகாது. இடையில் ஒரு தாள் விரிவுரையில் சொன்னதை ஒரு பழைய அறிக்கையின் எண்ணோடு ஒப்பிட்டு, "இங்கே பொருந்தவில்லையே" என்று எழுதியிருக்கும். அந்தப் பிள்ளை கேள்வியோடு நூலகத்துக்குப் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். பாடக்குறிப்பைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஒரு கேள்வியைக் கொண்டுபோகிறவர்கள் குறைவு. மலைநாட்டிலிருந்து வரும் உங்களுக்கு அந்தக் கேள்வியைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை, வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். பேராதனையில் நூலகம் என்றால் ஒரே கட்டடம் இல்லை. கலைப்பீடத்துக்குப் பக்கத்தில் இருப்பது பிரதான நூலகம். மருத்துவம், பொறியியல், விவசாயம், விஞ்ஞானம், மிருக வைத்தியம் போன்ற பீடங்களுக்குத் தனித்தனிக் கிளை நூலகங்கள் உண்டு. பொறியியல் பீடம் மகாவலிக்கு அக்கரையில், அக்பர் பாலத்தைத் தாண்டி இருக்கிறது. கலைப்பீடப் பிள்ளைகள் கிளை நூலகங்களை எட்டிப் பார்ப்பதே இல்லை. அது ஏன் நட்டம் என்று கீழே சொல்கிறேன். வந்த புதிதில் நூலகம் பற்றிய அறிமுக நிகழ்ச்சி வைப்பார்கள். தூக்கம் வந்தாலும் போய்விடுங்கள். நூலக அட்டையைத் தாமதிக்காமல் எடுங்கள். எத்தனை புத்தகம், எத்தனை நாள், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சைக் காலத்தில் இவை மாறும்.

நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பெரும்பாலும் புத்தகங்களைப் பிரித்து வைத்திருக்கும். இரவல் பகுதிப் புத்தகங்களை அறைக்குக் கொண்டுபோகலாம். உசாத்துணைப் பகுதியில் இருப்பதை அங்கேயே வாசிக்க வேண்டும். கேள்வி அதிகமுள்ள பாடநூல்களை மாலையில் எடுத்து மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்கும்படி வைத்திருப்பார்கள். இந்த ஓவர்நைட் புத்தகங்களை எல்லாரும் பரீட்சைக்கு முந்தின வாரம் துரத்துவார்கள். நீங்கள் செமெஸ்டர் தொடங்கி இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே எடுத்து வாசித்துவிட்டால் யாரோடும் போட்டி இருக்காது.

இனி தேடும் விதம். நூற்பட்டியல் கொம்பியூட்டரில் இருக்கும். விடுதியிலிருந்து போனிலும் பார்க்கலாம். அதில் புத்தகத்தின் பகுப்பெண் வரும். நம் பல்கலைக்கழகங்கள் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூவி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811, இலங்கை வரலாறு 954.93, தொழிலாளர் பொருளியல் 331. உங்கள் பாடங்களுக்குரிய நான்கைந்து எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கட்டடம் உங்களுக்கு வசப்பட்டுவிடும்.

தேயிலையை எடுத்துப் பாருங்கள். தேயிலைச் செய்கை 633.72இல் இருக்கும். அது அதிகமாகக் கிடைப்பது விவசாய பீட நூலகத்தில். தேயிலைப் பொருளாதாரம் 338.1ஐ ஒட்டி வரும். கொழுந்து பறிப்பவரின் சம்பளமும் தொழிற்சங்கமும் 331இல். அவர்கள் எப்படி வந்தார்கள் என்பது 954.93இல். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளைகளின் போசாக்கு பற்றித் தேடினால் மருத்துவ பீடத்து நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். தோட்டத்தில் ஒரே வாழ்க்கையாக இருப்பது நூலகத்தில் ஐந்து இடங்களில் கிடக்கிறது. ஒரு அலுமாரியோடு நிற்கிற பிள்ளை ஐந்தில் ஒன்றைத்தான் பார்க்கும். கிளை நூலகங்களுக்குப் போகச் சொன்னது இதற்காகத்தான்.

தேடி வந்த புத்தகம் கிடைத்ததும் அதை மட்டும் உருவிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். அதே தட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவற்றின் உள்ளடக்கத்தைப் புரட்டுங்கள். ஒரே விடயத்தில் இருப்பவை பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண்ணே. பெயர் தெரிந்ததைத் தேட போன் போதும், இருப்பதே தெரியாத புத்தகம் தட்டின் முன்னால் நின்றால்தான் கையில் படும். பிறகு கடைசிப் பக்கங்களில் உள்ள உசாத்துணைப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு மூன்று நூல்களின் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்து வாசிக்க வேண்டியது அது.

தேடும் சொற்களில் ஒரு விஷயம். நம்மவரைப் பற்றி எழுதியவர்கள் காலத்துக்குக் காலம் வேறு வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள். பிரித்தானியர் கால ஆங்கில ஆவணங்களில் "கூலி", "இமிகிரன்ட் லேபர்", "எஸ்டேட் லேபர்" என்று இருக்கும். பிறகு "இந்தியத் தமிழர்", "இந்திய வம்சாவளியினர்", "பெருந்தோட்டத் தொழிலாளர்", அதன் பிறகு "மலையகத் தமிழர்". இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் இன்றைய நூல்கள்தான் வரும். "கூலி" என்று தட்டச்சு செய்ய நமக்குக் கை வராதுதான். ஆனால் நம் முன்னோர் அந்தப் பெயருக்குக் கீழேதான் பதியப்பட்டிருக்கிறார்கள், அவர்களைக் கண்டுபிடிக்க அந்தப் பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். தமிழ் நூல்களின் பெயர் சில பட்டியல்களில் தமிழ் எழுத்திலும் சிலவற்றில் ஆங்கில எழுத்திலும் இருக்கும். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், எழுத்துக்கூட்டலை மாற்றியும் பாருங்கள்.

இனி உங்களுக்கு நான் மனதாரக் காட்ட விரும்பும் பகுதிக்கு வருகிறேன்.

பேராதனை நூலகம் சாதாரணப் பாடநூல் களஞ்சியம் இல்லை. அதன் வேர் 1921இல் கொழும்பில் தொடங்கிய யுனிவர்சிட்டி கொலிஜ் வரை போகிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது, 1952இல் அது பேராதனைக்கு வந்தது. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் இதுவும் ஒன்று. இலங்கை பற்றிய நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் சிலோன் கலெக்ஷன் என்று தனித் தொகுப்பு உண்டு. 1970களில் இங்கே நூலகராக இருந்த இயன் குணதிலக்க இலங்கை பற்றி மேலைமொழிகளில் வந்த நூல்கள், கட்டுரைகளைத் தேடித்தேடித் தொகுத்து ஒரு பெரும் நூல்விவரப் பட்டியலை வெளியிட்டார். அதன் முதல் தொகுதிகள் 1970இல் வந்தன. பொருள்வாரியாகப் பிரித்து, பல இடங்களில் குறிப்பும் எழுதியிருப்பார். தோட்டத் தொழிலாளர், குடியேற்றம், கோப்பி, தேயிலை என்று நீங்கள் எதைத் தொட்டாலும், அந்தக் காலம் வரை யார் என்ன எழுதினார்கள் என்பதை அதில் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். ஒரு நூலகர் நமக்கு விட்டுப்போன இவ்வளவு பெரிய உதவியை எத்தனையோ மாணவர்கள் திறந்துகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பழைய ஆவணங்களில் என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளை எடுங்கள். 1871இலிருந்து 1921 வரை பத்து வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் எடுத்தார்கள். 1911 அறிக்கையில்தான் இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் வேறுவேறு வகையாக முதன்முதலில் எண்ணினார்கள். அந்த அட்டவணையை ஒருதடவை கண்ணால் பார்த்தால், அரசாங்கப் படிவத்தில் இன்றும் நாம் நிரப்பும் ஒரு பெட்டி எப்போது பிறந்தது என்று விளங்கும். ஃபெர்குசன் டைரக்டரி என்று ஒன்று இருக்கிறது. வருடாவருடம் தோட்டங்களின் பெயர், ஏக்கர், உரிமையாளர், தோட்டத்தை நடத்திய துரையின் பெயர் எல்லாம் போட்டு வெளியானது. உங்கள் தோட்டத்தை அதில் தேடலாம். நாம் தமிழில் கூப்பிடும் தோட்டப் பெயர் வேறு, பதிவில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறாக இருக்கும். வீட்டில் பெரியவர்களிடம் அல்லது தோட்ட ஆபீசில் ஆங்கிலப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

செஷனல் பேப்பர்ஸ் எனப்படும் அரசாங்க அறிக்கைத் தொடரில் 1938ஆம் ஆண்டின் ஜாக்சன் ஆணைக்குழு அறிக்கை இருக்கிறது. இந்தியாவிலிருந்து தொழிலாளர் வருவதைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று ஆராய்ந்த அறிக்கை அது. 1920களிலிருந்து இலங்கையில் இருந்த இந்திய அரசாங்க முகவரின் ஆண்டறிக்கைகளில் தோட்டச் சம்பளம், பாடசாலை, பிறப்பு இறப்பு எல்லாம் வரும்.

பாராளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சார்டை விட்டுவிடாதீர்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவுக்கு எஸ். தொண்டமான், தலவாக்கலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டிக்கு கே. இராஜலிங்கம் என்று. அடுத்த வருடமே, நம்மவரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அந்த விவாதம் பேசியவர்களின் வார்த்தையிலேயே அச்சில் இருக்கிறது. யார் எதிர்த்தார், யார் ஆதரித்தார், என்ன காரணம் சொன்னார் என்பதைப் பாடக்குறிப்பின் இரண்டு வரியில் வாசிப்பதும் ஹன்சார்டில் வாசிப்பதும் ஒன்றாகாது. பரீட்சை விடையில் அதிலிருந்து ஒரு வரியை நாளோடும் பேசியவர் பெயரோடும் மேற்கோள் காட்டிப் பாருங்கள்.

இந்தத் தொகுப்புகளில் பெரும்பாலும் நீங்களே தட்டிலிருந்து எடுக்க முடியாது. படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், கொண்டுவந்து தருவார்கள், அங்கேயே வாசிக்க வேண்டும். ஆகவே நேரம் வைத்துப் போங்கள். பென்சிலும் குறிப்புப் புத்தகமும் கொண்டுபோங்கள். பழைய தாள்களைப் படம் எடுக்கலாமா, போட்டோகொப்பி போடலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தாள் பொடியாகும் நிலையில் இருந்தால் விட மாட்டார்கள், அது சரியும்கூட. எதைக் குறித்தாலும் அறிக்கையின் பெயர், வருடம், பக்க எண் மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள். மூன்றாம் வருடத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது பக்க எண் இல்லாத குறிப்பால் பயனில்லை.

நூலகத்தில் வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் பெரிய கூச்சம். தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று பழகிய குடும்பங்களிலிருந்து வருகிறோம். கவுண்டர் என்றாலே கை கட்டி நிற்கத் தோன்றுகிறது. சிங்களம் சரளமாக வராதே என்ற தயக்கமும் சேர்ந்துவிடும். உடைந்த சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டாலும் உதவுவார்கள். வராவிட்டால் ஒரு சிங்கள நண்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்கும்போது "தோட்டம் பற்றிப் புத்தகம் இருக்கா?" என்று கேட்காமல், "1930களில் தோட்டப் பாடசாலைகள் பற்றி அரசாங்க அறிக்கை எதில் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல பதில் வரும். பட்டம் பெற்ற நூலகர்கள் பல்கலைக்கழகக் கல்விசார் ஊழியர்கள். தகவல் தேடுவதே அவர்கள் படித்த துறை. அவர்களைத் தொந்தரவு செய்வதாக நினைக்க வேண்டாம்.

ஆங்கிலப் பயம் பற்றி. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்து ஆங்கில நூலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டும். அது திறமைக் குறைவில்லை, பழக்கக் குறைவு. புத்தகத்தை முழுசாக வாசிக்கத் தொடங்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தமிழில் தெரிந்த ஒரு விடயத்தில் ஒரு குறுங்கட்டுரையை எடுங்கள். சுருக்கத்தை வாசியுங்கள். பிறகு அட்டவணைகளைப் பாருங்கள். எண்களை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் அதிகம் தேவையில்லை. பிறகு முடிவுப் பகுதி. நடுப்பகுதியைத் தேவையிருந்தால் மட்டும். ஒரு துறையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். அவற்றுக்கு அரச கரும மொழிகள் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற் தொகுதிகள் நூலகத்தில் கிடைக்கும். அவற்றில் பார்த்து உங்கள் சொந்தச் சொற்பட்டியல் ஒன்று எழுதி வாருங்கள். ஒரே ஆசிரியரின் இரண்டாவது கட்டுரை முதலாவதை விடச் சுலபமாக இருக்கும், அவர் வசன ஓட்டம் பழகிவிடும். அப்புறம், சிங்கள பெட்ச் பிள்ளைகளுக்கும் இதே பயம்தான். அவர்களில் ஒருவரோடு சேர்ந்து வாரம் ஒரு கட்டுரை என்று வாசித்தால் இருவருக்கும் மூன்று மொழியிலும் கை வரும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். பேராதனை தரக்கூடிய பெரிய கொடைகளில் இது ஒன்று.

முந்தின மாணவர்களின் ஆய்வுக்கட்டுரைகளும் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளும் நூலகத்திலோ துறையிலோ இருக்கும். உங்கள் பகுதியைப் பற்றியவற்றைத் தேடி எடுங்கள். கடைசி அத்தியாயத்தில் "இனி ஆராய வேண்டியவை" என்று எழுதியிருப்பார்கள். உங்கள் தலைப்பு அங்கேயே காத்திருக்கலாம்.

போனில் எல்லாம் கிடைக்கும் என்றீர்கள். நிறையக் கிடைக்கும், உண்மை. இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். பல்கலைக்கழகம் சந்தா கட்டும் தரவுத்தளங்கள் கேம்பஸ் வைபையில் திறக்கும். வெளியிலிருந்து திறக்க என்ன வழி என்று நூலகத்தில் கேளுங்கள். ஜேஸ்டோர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் தனிப்பட்ட கணக்கு தொடங்கினால் சந்தா இல்லாமலே ஓரளவு கட்டுரைகளை வாசிக்கலாம். தமிழுக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஈழத்து, மலையக நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஏராளமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். மலையக இலக்கியம் படிப்பவர் அதைத் தினம் திறக்க வேண்டும். ஆனால் அச்சானதெல்லாம் இணையத்துக்கு வந்துவிடவில்லை. சிறு ஊர் அச்சகத்தில் நூற்றுக்கணக்கில் மட்டும் அடித்த கவிதைத் தொகுதிகள், தொழிற்சங்க மாநாட்டு மலர்கள், பாடசாலை நினைவு மலர்கள் போன்றவை வீடுகளிலும் சில அலுமாரிகளிலும்தான் கிடக்கின்றன. உங்கள் மாமா வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கண்டால் எறிய விடாதீர்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இரவல் புத்தகங்களின் திகதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். தவணை கடந்தால் தண்டப்பணம் ஏறும், மஹாபொல புலமைப்பரிசில் பணத்தில் அது வலிக்கும். படிப்பு முடியும்போது நூலகம் "பாக்கி இல்லை" என்று கையெழுத்துப் போடாமல் எதுவும் நகராது. மழை மாதங்களில் புத்தகத்தை இரண்டு பொலித்தீன் உறைக்குள் போட்டே பஸ் ஏறுங்கள். லய அறை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புப் பக்கமும் வேண்டாம், சுவரை ஒட்டியும் வேண்டாம், அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.

ஊரில் இருக்கும் நாட்களிலும் வழியில் இடங்கள் இருக்கின்றன. ஹட்டன் பஸ் கம்பளையைத் தாண்டித்தான் போகும். கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணகமும் இருக்கிறது. பழைய லயத்திலேயே அமைத்திருக்கிறார்கள். தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம், அதற்கென்று நூலகம் உண்டு. பதுளைப் பக்கத்துத் தோழிகள் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கண்டி நகரில் டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம். பொது நூலகம் தவிர மற்ற இடங்களுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். முதலில் அழைத்தோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். உங்கள் துறைத் தலைவரிடமோ நூலகரிடமோ, இன்ன மாணவி, இன்ன தலைப்பு, இன்ன ஆவணம் தேவை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்துக்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஆகவே விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை போய் நிற்காமல் அதற்கு முந்தின வாரமே கேட்டுவிடுங்கள்.